ஆறு படங்களில் ஐந்தாவது

கடை வாசலில் கயிற்றில் தொங்கும் இசைப் பத்திரிகையின் அட்டையில் ஒரு பாடகர் சிரிக்கிறார். “நல்ல போட்டோ” என்று சொல்லிவிட்டு நாம் பஸ் பிடிக்க ஓடுகிறோம். அந்தப் படம் காமிராவில் பதிவாக ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூடத் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதற்கு முன்னால் பல நாள் ஏற்பாடு நடந்திருக்கிறது. அதற்குப் பின்னால் “இதுவா, அதுவா?” என்று பல மணி நேர வாதம் நடந்திருக்கிறது. பாடகர் ஒரு பக்கம் இழுப்பார், ஆசிரியர் இன்னொரு பக்கம் இழுப்பார், நடுவில் புகைப்படக்காரர் நிற்பார். அவர்களில் யாருடைய சொல் நின்றது என்பதைத்தான் அட்டை நமக்குக் காட்டுகிறது.

பாப் இசைப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பது தனியானதொரு தொழில். பாட்டைக் காதால்தான் கேட்க வேண்டும். பத்திரிகையோ கண்ணுக்கு உரியது. காதுக்குரியதைக் கண்ணுக்குக் காட்டும் இந்த வேலையில் திட்டமும் தேர்வும்தான் பாதிக்கு மேல்.

முதலில் பக்கம், பிறகு படம்

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவதற்கு முன் புகைப்படக்காரர் ஆசிரியரிடம் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை பக்கம்?” என்பதுதான். அட்டைக்கு நெட்டுவாக்கில் ஒரு படம் வேண்டும். அதன் மேல்பகுதியில் பத்திரிகையின் பெயர் வரும்; அங்கே பாடகரின் தலை முட்டக்கூடாது. ஓரத்தில் தலைப்புகள் வரும். அங்கே பின்னணி வெறுமையாக இருந்தால்தான் எழுத்து தெரியும். உள்ளே இரண்டு பக்கத்துக்கு விரியும் அகலப்படம் ஒன்று வேண்டும். அதில் நடு மடிப்பு யாருடைய மூக்கின் மேலும் விழக்கூடாது. நடுப்பக்கத்தைக் கழற்றிச் சுவரில் ஒட்டும் போஸ்டராகக் கொடுப்பதானால் தைத்த கம்பியின் துளை கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை தவிர, குழுவில் நான்கு பேர் இருந்தால் நால்வருக்கும் தனித்தனியே சிறு படம் வேண்டும். ஒருவர் விடுபட்டால் அடுத்த நாள் தொலைபேசி மணி அடிக்கும்!

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்ட பிறகே இடம், நேரம், உடை, செலவு ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு எழும்.

தோப்பும்படியில் எடுப்பதானால்

கொச்சிக்கு ராக் இசை புதிதல்ல. ‘13 ஏ.டி.’ என்ற கொச்சிக் குழுவின் ‘கிரவுண்ட் ஜீரோ’ 1990ல் வெளிவந்தது. 1996ல் தொடங்கிய ‘மதர்ஜேன்’ குழு கர்நாடக இசையின் சாயலை மின்கிட்டாரில் கொண்டுவந்து நாடெங்கும் பெயர் வாங்கியது. இப்படி ஒரு குழுவைத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நிறுத்தி அட்டைப்படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். என்னென்ன யோசிக்க வேண்டும்?

முதலில் சூரியன். துறைமுகம் கிழக்கே காயலையும் வில்லிங்டன் தீவையும் பார்த்து இருக்கிறது. காலையில் வெயில் தண்ணீர்ப் பக்கமிருந்து வரும். தண்ணீரைப் பார்த்து நிற்பவரின் முகத்தில் இளவெயில் விழும். பத்து மணி தாண்டிவிட்டால் வெயில் உச்சிக்கு ஏறி, கண்ணுக்குக் கீழே கருநிழல் விழத் தொடங்கும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். சூரியன் கடலில் இறங்கும் காட்சிதான் வேண்டுமென்றால் துறைமுகத்தை விட்டுக் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

ஆகவே காலை நேரம்தான் சரி. ஆனால் அதிகாலையில்தான் மீன் ஏலம் நடக்கிறது. பெட்டிகள் ஓடுகின்றன, ஐஸ் கட்டிகள் உடைகின்றன, லாரிகள் பின்னோக்கி வருகின்றன. படம் எடுப்பவருக்காக ஏலம் நிற்காது, நிற்கவும் கூடாது. அன்றைய கூலி அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஏலம் முடிந்து, வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளியைப் பிடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதற்காகவே நல்ல புகைப்படக்காரர் முந்தின நாள் காமிரா இல்லாமல் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்.

அடுத்தது மாதம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவலைத் தடை. அப்போது விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நீலம், சிவப்பு, பச்சை என்று பின்னணி நிறைந்துவிடும். ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம்! மழை விட்டு வெயில் தெளியும் மாதங்களிலோ படகுகள் பெரும்பாலும் கடலுக்குப் போயிருக்கும். படகும் வேண்டும், வெயிலும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அருமை. எது முக்கியம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதுதான் திட்டம். மழையே இருக்கட்டும் என்று தீர்மானித்துக் குடையும் ரெயின்கோட்டும் கொடுத்து எடுக்கிறவரும் உண்டு.

பிறகு அனுமதி. துறைமுகத்துக்குள் படம் எடுக்க நிர்வாகத்தின் உத்தரவு வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது போதும் என்று வந்து, வாசல் காவலரிடம் நின்றுகொண்டே ஒரு காலைப் பொழுதை இழந்தவர்கள் இத்தொழிலில் நிறையப் பேர்.

கடைசியாக, சுற்றி நிற்கும் மனிதர்கள். இத்துறைமுகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், குளச்சல் பகுதி மீனவர்கள் வந்து போகிறார்கள். பெட்டி சுமப்பவரிலும் வலை சீர் செய்பவரிலும் தமிழர் பலர். பளபளக்கும் உடையில் பாடகர் நடுவில் நிற்க, அழுக்கு லுங்கியோடு தொழிலாளி ‘பின்னணிக்கு’ நின்றால் படம் எடுப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. படம் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பின்னணியில் நிற்பவருக்கும் ஒரு முகம் இருக்கிறது. கேட்டு எடுப்பது ஒரு வகை. கேட்காமல் எடுப்பது வேறு வகை. இரண்டும் அச்சில் வெவ்வேறாகவே தெரியும். கேட்டு எடுத்த படத்தில் அந்த ஆள் காமிராவை நேராகப் பார்ப்பார்.

உடையும் ஒரு முடிவு

பாடகர் என்ன உடுத்துவது என்பதில்தான் பெரிய சண்டை வரும். 1947ல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப், 1960களின் இறுதியில் சென்னை அண்ணா சாலையில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற இரவு விடுதியில் பாடத் தொடங்கினார். இரவு விடுதிப் பாடகி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் அப்போது இருந்தது. அவர் புடவை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். பிற்காலத்தில் காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டும் கை நிறைய வளையலுமே அவருடைய அடையாளம் ஆகிவிட்டன. எந்தப் பத்திரிகைக்கு எடுத்தாலும் புகைப்படக்காரர் அவருக்கு உடை தேட வேண்டியதில்லை. பாடகரே தம் உருவத்தை முடிவு செய்துகொண்டால் யாரும் அதை மாற்ற முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பத்து நிமிஷம், ஆறு படம்

திட்டம் சரியாக இருந்தால் எடுப்பது எத்தனை சுலபம் என்பதற்கு உலகம் அறிந்த கதை ஒன்று உண்டு. அது பத்திரிகைக்காக அல்ல, இசைத்தட்டு உறைக்காக எடுத்தது. ஆனால் வேலை ஒன்றேதான்.

1969 ஆகஸ்ட் 8. லண்டனில் அபே ரோடு. பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலிலுள்ள வெள்ளைக் கோட்டில் சாலையைக் கடக்க வேண்டும். எப்படி வர வேண்டும் என்று பால் மெக்கார்ட்னி முன்பே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். புகைப்படக்காரர் இயன் மக்மில்லன் நடுச்சாலையில் ஏணி போட்டு ஏறி நின்றார். ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்திக்கொடுத்தார். சுமார் பத்து நிமிஷம்தான். நால்வரும் இங்கும் அங்கும் நடந்தார்கள். எடுத்தவை மொத்தம் ஆறு படங்கள்.

அந்த ஆறில் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன்? அதில்தான் நால்வருடைய கால்களும் ஒன்றுபோல அகன்று, ஒரே தாளத்தில் நடப்பதுபோல இருந்தன. மற்ற ஐந்திலும் ஒருவர் முந்துகிறார் அல்லது ஒருவர் பின்தங்குகிறார். இன்று அந்த இடத்தில் உலகெங்குமிருந்து வந்து நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நடப்பது அந்த ஐந்தாவது படத்தின்படிதான்.

சிவப்புப் பென்சிலின் வேலை

பிலிம் சுருள் காலத்தில் ஒரு சுருளில் 36 படம் வரும். பெரிய சதுரப் பிலிமானால் 12. எடுத்தவுடன் பார்க்க முடியாது. இருட்டறையில் கழுவி, நெகடிவ்களை வரிசையாகத் தாளின்மேல் வைத்துத் தபால்தலை அளவில் பிரிண்ட் போடுவார்கள். அந்தத் தாளை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, மெழுகுப் பென்சிலால் குறி போடுவார் ஆசிரியர். கண் மூடியிருந்தால் ஒரு கோடு. வாய் கோணியிருந்தால் ஒரு கோடு. பத்துச் சுருள் எடுத்தால் 360 படம். கோடு விழாமல் தப்புபவை பத்தோ பதினைந்தோ. அவற்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எது கையைப் பிடித்து இழுக்கிறதோ அதுதான் அட்டை. பிறகுதான் ஓரம் வெட்டுவது, நிறம் திருத்துவது, நான்கு வண்ணமாகப் பிரித்து அச்சுக்குத் தருவது எல்லாம்.

இன்று டிஜிட்டல் காமிரா. ஒரு காலையில் ஆயிரம் படம் எடுக்கலாம். பிலிம் செலவு இல்லை. அதனால் எடுப்பது சுலபமாயிற்று, தேர்வு கடினமாயிற்று. 36ல் ஒன்றைப் பொறுக்குவதும் ஆயிரத்தில் ஒன்றைப் பொறுக்குவதும் ஒன்றா?

தேர்வில் ஒரு விசித்திரம் உண்டு. எடுத்தவருக்குப் பிடிக்காத படம் பிறருக்குப் பிடித்துவிடும். 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பலேடியம் அரங்கில் ‘கிளாஷ்’ என்ற லண்டன் குழு பாடியது. ஆத்திரமடைந்த பால் சைமனன் தம் பாஸ் கிட்டாரைத் தூக்கி மேடையில் அடித்தார். இசைப் பத்திரிகைக்காரரான பென்னி ஸ்மித் பின்வாங்கிக்கொண்டே படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் படம் தெளிவில்லை, மங்கல்! இதைப் போட வேண்டாம் என்பது அவர் கட்சி. பாடகர் ஜோ ஸ்டிரம்மரும் உறையை வடிவமைத்த ரே லோரியும் இதுதான் வேண்டும் என்றார்கள். ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் உறையில் அது வந்தது. 2002ல் ‘கியூ’ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை, ராக் இசைப் படங்களிலேயே சிறந்தது என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தது. தெளிவு வேறு, உயிர் வேறு. எடுத்தவர் தம் தவறைத்தான் பார்த்தார். மற்றவர்கள் சைமனனின் கோபத்தைப் பார்த்தார்கள்.

எழுத்து இல்லாத அட்டை

‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 1967ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் ஜான் லென்னன் இருந்தார். அதற்காகத் தனியே படம் எடுக்கவில்லை. அவர் நடித்த சினிமா ஒன்றின் விளம்பரப் படத்தையே போட்டார்கள். புதுப் பத்திரிகை, கையிருப்பு அவ்வளவுதான்.

பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1980 டிசம்பர் 8 அன்று, அதே பத்திரிகைக்காக அதே லென்னனைப் படம் எடுக்க ஆனி லீபோவிட்ஸ் நியூயார்க்கில் அவர் வீட்டுக்குப் போனார். அவருடைய புதிய இசைத்தட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைக்கு வேண்டியது லென்னன் மட்டும். லென்னனோ மனைவி யோகோ ஓனோ இல்லாமல் இல்லை என்றார். புகைப்படக்காரர் இருவரையும் ஆடையின்றி எடுக்க நினைத்திருந்தார். யோகோ தயங்கவே, அவர் உடுத்தியபடியே இருக்கட்டும் என்று திட்டத்தை அந்த இடத்திலேயே மாற்றினார். உடுத்தியிருந்த யோகோவை ஆடையில்லாத லென்னன் குழந்தைபோலக் கட்டிக்கொண்டு படுத்தார். முதலில் உடனே தெரியும் போலராய்டில் ஒரு படம். அதைப் பார்த்த லென்னன், தங்கள் உறவு இதுதான் என்று மகிழ்ந்து, இதையே அட்டையில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அன்றிரவு தம் வீட்டு வாசலில் லென்னன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி ஆசிரியர் மேஜை. உலகமே அழுகிறது. எழுத எவ்வளவோ இருக்கிறது. ‘கடைசிப் படம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் போட்டிருக்கலாம். ஆசிரியர் ஜான் வென்னர் எதையும் போடவில்லை. 1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழின் அட்டையில் பத்திரிகையின் பெயரும் அந்தப் படமும் மட்டுமே இருந்தன. லென்னன் மட்டும் போதும் என்றிருந்த பத்திரிகை, லென்னன் கேட்டபடியே இருவரையும் போட்டது. 2005ல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் சங்கம் நாற்பதாண்டு அட்டைகளில் இதற்கே முதலிடம் கொடுத்தது.

திட்டம் ஒன்று, நடந்தது ஒன்று. புகைப்படக்காரர் தம் எண்ணத்தை விட்டுக்கொடுத்தார். ஆசிரியர் தம் விருப்பத்தையும், பிறகு தம் எழுத்தையும் விட்டுக்கொடுத்தார். தேர்வு என்பது இதுதான்: வேண்டாததை விடத் தெரிவது.

படம் யாருக்குச் சொந்தம்?

அதே ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் முதல் தலைமைப் புகைப்படக்காரர் பாரன் வுல்மன். தொடக்கத்தில் பத்திரிகையிடம் பணம் இல்லை. சம்பளம் வேண்டாம், ஆனால் நான் எடுக்கும் படங்களின் உரிமை என்னிடமே இருக்க வேண்டும் என்று அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அப்போது அது நஷ்டம்போலத் தெரிந்தது. பிறகு அந்தப் படங்களைக் கொண்டே புத்தகங்கள் போட்டார், கண்காட்சிகள் வைத்தார். நெகடிவ் பெட்டிதான் அவருடைய வைப்புநிதி!

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டுடியோவில் வேலை செய்யும் இளைஞர்கள், தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. உரிமை யாரிடம், பெயர் எங்கே வரும் என்ற இரண்டு வரி அதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இங்கே வந்த பத்திரிகைகள்

இந்தியாவிலும் இத்தகைய பத்திரிகைகள் வந்தன. கல்கத்தாவில் டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக இருந்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ 1967ல் தொடங்கி 1977ல் நின்றது. அதன் போஸ்டர்களை ஹாஸ்டல் சுவர்களில் ஒட்டிய தலைமுறை இன்று தாத்தா ஆகிவிட்டது. அலகாபாத்தில் அமித் சைகல் 1993ல் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தொடங்கி, சிறிய ஊர்க் குழுக்களின் முகங்களையும் அச்சில் ஏற்றினார். பம்பாயோ டில்லியோ அல்ல, அலகாபாத்! ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பு 2008ல் வந்தது. இங்கிலாந்தில் பாட்டு வரிகளையும் பளபளப்பான படங்களையும் போட்டு இளைஞர்களை மயக்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 1978ல் பிறந்து 2006ல் மூடப்பட்டது. அச்சிட்ட இதழ்கள் குறைந்துவிட்டன. பாடகர்கள் தாங்களே கைபேசியில் படம் எடுத்து வெளியிடுகிறார்கள். ஆனாலும் நூறு படம் எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று விரலை வைத்து யோசிக்கும் அந்த நிமிஷம் மாறவில்லை.

இப்போதும் மட்டாஞ்சேரிச் சந்துகளிலும் தோப்பும்படித் துறைமுகத்திலும் காமிராவோடு ஆட்கள் வருகிறார்கள். வேலையில் இருக்கும்போது யாராவது உங்களைச் சட்டகத்துக்குள் வைத்துக் கண்ணை ஒட்டினால், “எந்தப் பத்திரிகைக்கு?” என்று தாராளமாகக் கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். சரி என்றால், பேரைச் சரியாக எழுதச் சொல்லி, இதழ் வந்ததும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லலாம். நல்ல புகைப்படக்காரர் விலாசம் எழுதிக்கொள்வார்.